ஸ்லைடுஷேர் : படவில்லைகளின் பொது அலமாரி

திங்கள்தோறும் நம் துறைகளில் கருத்தரங்குகள் நடைபெறுகின்றன. ஒரு மாணவர் இருபது நிமிடம் பேசுகிறார். அந்த இருபது நிமிடத்துக்காகப் பத்து நாள் நூலகத்தில் உழைத்திருப்பார், படங்கள் வரைந்திருப்பார், அட்டவணைகளை அடுக்கியிருப்பார். பேச்சு முடிகிறது. கை தட்டுகிறோம், தேநீர் அருந்தச் செல்கிறோம். அந்தப் படங்கள் பிறகு எங்கே போகின்றன? ஒரு பென்டிரைவில் உறங்கிக் கிடக்கின்றன. அடுத்த ஆண்டு அதே பொருளைப் பற்றிப் பேச வரும் மாணவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். எத்தனை பேருடைய உழைப்பு இவ்வாறு மறைகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த இழப்பைக் குறைக்க எழுந்த ஏற்பாடுகளுள் ஒன்று ஸ்லைடுஷேர். நாம் ஸ்லைடு என்று வழங்கும் படவில்லைகளை யாவரும் காணும்படி இணையத்தில் வைக்க உதவும் பொது அலமாரி அது. அது தோன்றிய வகை, வளர்ந்த வகை, கைமாறிய வகை ஆகியவற்றை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும். அதைத் தமிழுக்கு எவ்வாறு பயன்படுத்துவது, எந்த இடத்தில் எச்சரிக்கையாக இருப்பது என்பனவற்றையும் காண்போம்.

விளக்கிலிருந்து கணிப்பொறிக்கு

படத்தைச் சுவரில் காட்டிப் பாடம் சொல்லும் வழக்கம் புதிதன்று. டச்சு அறிவியலறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-ஆம் ஆண்டளவில் மாய விளக்கு என்னும் கருவியை அமைத்தார். கண்ணாடித் தகட்டில் தீட்டிய ஓவியத்தை விளக்கொளி சுவரில் பெரிதாக்கிக் காட்டியது. பின்னர்ப் புகைப்படச் சுருளில் எடுத்த சிறு வில்லைகள் வந்தன. வட்டத் தட்டில் அவற்றை அடுக்கி ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டும் கோடாக் நிறுவனத்தின் காரசல் கருவி 1961-இல் வெளிவந்தது. நம் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் அத்தகைய கருவிகளைக் கொண்டே பாடம் நடத்தினார்கள்.

கணிப்பொறி வந்தபின் வில்லையும் மாறிற்று. ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் முதலியோர் ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனத்தில் பவர்பாயிண்ட் என்ற மென்பொருளை உருவாக்கி, 1987-ஆம் ஆண்டு ஏப்ரலில் மக்கின்டாஷ் கணிப்பொறிக்காக வெளியிட்டனர். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை ஒரு கோடியே 40 இலட்சம் டாலருக்கு வாங்கிற்று. இன்று பேராசிரியர் முதல் பள்ளிச் சிறுவர் வரை எல்லாரும் பயன்படுத்தும் பி.பி.டி.யின் வரலாறு இதுவே.

படம் செய்வது எளிதாயிற்று. ஆனால் செய்த படத்தைப் பிறருக்குக் கொடுப்பது எளிதாகவில்லை. கோப்பு பெரியது, மின்னஞ்சல் ஏற்காது. ஏற்றாலும் பெறுபவரிடம் அந்த மென்பொருள் இருக்கவேண்டும். குறை இருந்த இடம் இதுதான்.

தில்லியில் முளைத்த எண்ணம்

2006-ஆம் ஆண்டில் தில்லியில் பார்கேம்ப் என்னும் கூட்டம் ஒன்று நடந்தது. தலைவர், சிறப்புரையாளர் என்ற ஏற்றத் தாழ்வு இல்லாமல், வந்தவர் எல்லாரும் பேசும் கூட்டம் அது. பேசியவர்களின் படவில்லைகளை மற்றவர்கள் கேட்டார்கள். அவற்றைப் பகிர்ந்துகொள்ள நல்ல வழி இல்லை. ரஷ்மி சின்ஹா, அவருடைய கணவர் ஜோனதன் பூட்டெல், ரஷ்மியின் உடன்பிறந்தார் அமித் ரஞ்சன் ஆகிய மூவரும் அதற்கு ஒரு வழி காண முற்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஸ்லைடுஷேர் தொடங்கியது. அலுவலகங்கள் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவிலும் நம் புதுதில்லியிலும் இருந்தன.

நண்பர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ரஷ்மி சின்ஹா கணிப்பொறிப் பொறியியல் படித்தவர் அல்லர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். மனிதர் ஒரு பொருளை எவ்வாறு தேடுகிறார், எவ்வாறு வகைப்படுத்துகிறார் என்பதை ஆராய்ந்தவர். நம் விடுதியில், "இயற்பியல் படித்தால் வேலை ஏது? உளவியல் படித்தால் பிழைப்பு ஏது?" என்று கேட்கும் நண்பர்கள் இதை மனத்திற் கொள்வார்களாக. அமித் ரஞ்சன் பின்னர் இந்திய அரசின் டிஜிலாக்கர் திட்டத்தை அமைப்பதில் முதன்மைப் பங்கு கொண்டார். நாம் மதிப்பெண் பட்டியலை எடுக்கத் திறக்கிறோமே, அதே டிஜிலாக்கர்தான்.

வளர்ச்சியும் மாற்றமும்

யூடியூப் 2005-இல் தோன்றி, அசையும் படங்களுக்கு ஒரு பொது மேடை ஆயிற்று. ஸ்லைடுஷேர் அசையாப் படங்களுக்கு அத்தகைய மேடை ஆயிற்று. 2007-இல் ஸ்லைடுகாஸ்ட் என்ற வசதி வந்தது. பேச்சின் ஒலிப்பதிவை ஏற்றி, இன்ன சொல்லுக்கு இன்ன படம் என்று பொருத்தலாம். 2011-இல் அதுவரை நம்பியிருந்த ஃபிளாஷ் என்னும் நுட்பத்தைக் கைவிட்டு, எச்.டி.எம்.எல். 5 என்ற புதிய முறைக்கு மாறியது. கைப்பேசிகளில் படங்கள் தெளிவாகத் தெரிய இது துணை செய்தது. அந்த மாற்றம் எவ்வளவு முன்யோசனை உடையது என்பது 2020-ஆம் ஆண்டின் இறுதியில் தெரிந்தது. அப்போது ஃபிளாஷையே அடோபி நிறுவனம் நிறுத்திவிட்டது.

2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் லிங்க்ட்இன் நிறுவனம் ஸ்லைடுஷேரை ஏறத்தாழ 11 கோடியே 90 இலட்சம் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதற்குள் 90 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகுப்புகள் அங்கே ஏறியிருந்தன. அவ்வாண்டு மார்ச்சில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் பேர் வந்து பார்த்தனர். 2016-இல் லிங்க்ட்இன்னையே மைக்ரோசாஃப்ட் வாங்கிற்று. பவர்பாயிண்டின் உடைமையாளரே, பவர்பாயிண்ட் படங்கள் நிறைந்த அலமாரிக்கும் உடைமையாளர் ஆனார்! அந்த உறவும் நிலைக்கவில்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஸ்கிரிப்ட் என்னும் நிறுவனம் ஸ்லைடுஷேரை ஏற்பதாக அறிவித்தது. செப்டம்பர் 24 முதல் நடத்திவருகிறது. நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் படிக்கத் தரும் நிறுவனம் அது.

ஆக, பதினான்கு ஆண்டுக் காலத்தில் அலமாரி பலமுறை கைமாறிவிட்டது. இந்தச் செய்திக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

அது எவ்வாறு வேலை செய்கிறது?

நாம் ஒரு கோப்பை ஏற்றியவுடன் அங்குள்ள சர்வர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, ஒவ்வொரு வில்லையையும் தனித்தனிப் படமாக மாற்றுகிறது. அதனால்தான் பார்ப்பவரிடம் பவர்பாயிண்ட் இல்லாவிடினும் படம் தெரிகிறது. இரண்டு, வில்லையில் உள்ள எழுத்துகளைத் தனியே பிரித்து எடுத்துக்கொள்கிறது. தேடுபவர் ஒரு சொல்லைத் தட்டினால், இந்த எழுத்துகளையும் தலைப்பையும் குறிப்புரையையும் வைத்தே கூகுள் போன்ற தேடுபொறிகள் நம் தொகுப்பைக் கண்டுபிடிக்கின்றன.

முதல் வேலை கண்ணுக்கு உரியது. இரண்டாவது வேலை தேடலுக்கு உரியது. ஆங்கிலத்தில் இரண்டும் இடரின்றி நடக்கின்றன. தமிழில் இரண்டிலும் தொல்லை உண்டு.

தமிழுக்கு வரும் தொல்லை

முதலில் கண்ணுக்கு வரும் தொல்லையைக் காண்போம். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்பவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். பாமினியில் 'தமிழ்' என்ற சொல்லைக் கணிப்பொறி தமிழாக அறியாது. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் என்றே அது சேமித்து வைக்கிறது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் போட்டது போன்ற நிலை. நம் கணிப்பொறியில் பாமினி இருப்பதால் வேடம் கலையாமல் தெரிகிறது. சர்வரில் பாமினி இல்லை, வேடம் கலைகிறது. பொருளற்ற ஆங்கில எழுத்துகள் படமெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

இதற்கு மருந்து யூனிகோடு என்னும் ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் முறை அது. 1991-இல் அதன் முதற் பதிப்பு வந்தபோதே தமிழுக்கும் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டு அரசும் 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஒருங்குறியில் தட்டச்சு செய்து, கோப்பைப் பி.டி.எஃப். ஆக மாற்றி ஏற்றினால், எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பொதிந்து செல்லும். படம் நாம் செய்தபடியே தெரியும்.

இரண்டாவது தொல்லை நுண்ணியது. 'கொடி' என்று எழுதுகிறோம். கணிப்பொறியின் நினைவில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும் இருக்கின்றன. ஆனால் திரையில் வரையும்போது ஒற்றைக் கொம்பு முன்னே நிற்கிறது. ககரம் நடுவே வருகிறது. கால் பின்னே வருகிறது. பி.டி.எஃப்.இலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் பலவேளைகளில் வரைந்த வரிசையிலேயே பிரித்தெடுக்கிறது. கொம்பு ஒருபுறமும் உயிர்மெய் ஒருபுறமுமாகச் சொல் உடைந்துவிடுகிறது. கண்ணுக்குப் படம் அழகாகத் தெரியும், தேடுபவருக்கோ அகப்படாது. புத்தகம் அலமாரியில் இருக்கிறது, பெயர்ப்பட்டியலில் இல்லை என்றால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

இதற்கு எளிய வழி உண்டு. ஏற்றும்போது தலைப்பு, குறிப்புரை ஆகியவற்றை நிரப்பக் கட்டங்கள் இருக்கும். பலர் அவற்றை ஆங்கிலத்தில் ஒரு சொல் போட்டு முடித்துவிடுவர். சிலர் வெறுமையாக விடுவர். தமிழ்த் தொகுப்புக்கு அவையே உயிர். நம் பொருளை நான்கைந்து தமிழ் வாக்கியங்களில் அங்கே நேராகத் தட்டச்சு செய்யவேண்டும். அந்த எழுத்துகள் பி.டி.எஃப். வழியாகச் செல்லாததால் உடைவதில்லை.

பேச்சாளர் இல்லாத படம்

எழுத்துத் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. அரங்கில் படத்தோடு பேச்சாளரும் நிற்கிறார். அலமாரியில் படம் மட்டுமே இருக்கிறது. அரங்கில் வாயால் சொன்ன பாதி, அலமாரியில் இல்லை. அந்தப் பாதி இல்லாத படம் என்ன செய்யக்கூடும் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு.

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதைந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். ஏவுதலின்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடப்புற இறக்கையைத் தாக்கியிருந்தது. அதனால் ஆபத்து உண்டா என்று விண்ணோடம் மேலே பறந்துகொண்டிருந்தபோதே பொறியியலாளர்கள் ஆராய்ந்து, முடிவைப் படவில்லைகளாக அளித்தனர். ஒரு வில்லையின் தலைப்பு கவலையைத் தணிக்கும் வகையில் இருந்தது. ஆனால் அதன் அடியில், சிறிய எழுத்தில், வேறு ஒரு செய்தி இருந்தது. முன்னர்ச் சோதனையில் பயன்படுத்திய துண்டின் பருமன் 3 கன அங்குலம். மோதிய துண்டின் பருமனாகக் கணித்ததோ 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு! சோதனை முடிவை இங்கே பொருத்த இயலாது என்பதே அதன் பொருள். தலைப்பைப் படித்தவருக்கு அது எட்டவில்லை.

யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி அந்த ஒரு வில்லையை வரி வரியாக ஆராய்ந்தார். விசாரணைக் குழுவும் 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் அவருடைய ஆய்வை எடுத்துக்காட்டி, தொழில்நுட்பக் கட்டுரைக்குப் பதிலாகப் படவில்லைகளை வைக்கும் பழக்கத்தைக் கண்டித்தது. விபத்துக்கு அந்த வில்லையே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும் தலையாய உண்மையைத் தலைப்பில் சொல்லாமல் காலடியில் புதைப்பது எவ்வளவு கேடு என்பதை நாம் உணரலாம்.

ஆதலின், அலமாரியில் வைக்கும் தொகுப்பு தானே பேசும்படி இருத்தல் வேண்டும். அருகிலுள்ள ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்குள்ள பெரிய ரேடாரைப் பற்றித் தமிழில் ஒரு தொகுப்புச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வில்லைக்கு 'அறிமுகம்' என்று தலைப்பிடுவது வழக்கம். அதனால் படிப்பவருக்கு என்ன தெரியும்? 'காதங்கி ரேடார் 1024 ஆன்டெனாக்களால் வானத்தைப் பார்க்கிறது' என்று தலைப்பிட்டால் ஒரு செய்தி தெரியும். அடுத்ததற்கு, 'அதன் அதிர்வெண் 53 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர்'. அதற்கடுத்ததற்கு, 'அலைநீளத்தில் பாதி அளவுள்ள காற்றுச் சுழிகள் அலையைத் திருப்பி அனுப்புகின்றன'. நான்காவதற்கு, 'திரும்பிய அலையின் அதிர்வெண் மாற்றம் காற்றின் வேகத்தைச் சொல்கிறது'. இந்தத் தலைப்புகளை மட்டும் ஒருவர் வரிசையாகப் படித்தாலே பொருள் விளங்கிவிடும் அல்லவா? படம் தலைப்புக்குச் சான்றாக நிற்கும். அரங்கில் பேசிய விளக்கத்தைச் சுருக்கி, இறுதியில் ஒரு பக்கக் குறிப்பாகவும் இணைத்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆய்விதழ்களில் வந்த படத்தை அப்படியே எடுத்து ஒட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. வகுப்பறைக்குள் காட்டுவது ஒன்று. உலகம் காண வெளியிடுவது வேறொன்று. பிறர் படம் அவருடைய பதிப்புரிமைக்கு உட்பட்டது. கூடியவரை நாமே வரைவோம். கிரியேட்டிவ் காமன்ஸ் முறையில் பயன்படுத்த இசைவு தந்த படமாயின், வரைந்தவர் பெயரோடு எடுத்தாள்வோம்.

அலமாரி யாருடையது?

இப்பொழுது முன்னர் விட்ட செய்திக்கு வருவோம். அலமாரி பலமுறை கைமாறியது. அதனால் நமக்கு என்ன?

ஒலியோடு படம் பொருத்தும் ஸ்லைடுகாஸ்ட் வசதியைச் சொன்னேன். 2014-இல் அது நிறுத்தப்பட்டது. படங்கள் எஞ்சின; அவற்றோடு பொருத்திய குரல் போயிற்று. தன் கணிப்பொறியில் ஒலிப்பதிவை வைத்திருந்த ஆசிரியருக்கு இழப்பில்லை. அலமாரியிலேயே இருக்கிறது என்று எண்ணி அழித்துவிட்டவருக்கோ திரும்பப் பெற வழியில்லை. 2009-இல் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்ற சேவையை மூடியபோதும், 2019-இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோதும் இவ்வாறே மக்கள் எழுதி வைத்தவை பல அகன்றன.

இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. வணிக நிறுவனம் வரவு பார்க்கும், வராததை நிறுத்தும். இலவசமாகக் கிடைத்த இடம் என்றும் நமக்கே உரியது என்று எண்ணுவது நம் மயக்கம். வாடகை கொடுக்காமல் ஒண்டியிருக்கும் வீட்டில் நிலைப்பெட்டியை வைக்கலாமா? ஆனால் அதற்காக வெளியிடாமலே பூட்டி வைப்பதும் தவறு. பென்டிரைவும் பழுதாகும், பூட்டி வைத்த அறிவு யாருக்கும் பயன்படாது.

நடுவழி ஒன்று உண்டு. பலர் கூடும் இடம் என்பதால் ஸ்லைடுஷேரில் வைப்போம். காத்து வைப்பதற்கென்று தோன்றிய இடத்திலும் ஒரு படி வைப்போம். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் ஜெனோடோ என்னும் களஞ்சியத்தை நடத்துகிறது. ஆய்வுக் கட்டுரை மட்டுமின்றி, படவில்லைகளையும் அங்கே கட்டணமின்றி வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் டி.ஓ.ஐ. என்னும் நிலையான அடையாள எண் கிடைக்கும். பிறர் தம் கட்டுரையில் மேற்கோளாகக் காட்டவும் அது உதவும். மூன்றாவதாக, திருத்தக்கூடிய மூலக் கோப்பை நம்மிடமே வைத்துக்கொள்வோம்.

நமக்கு என்ன வேலை?

வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் படிக்க வந்தவர்கள் நாம். வகுப்பில் ஆங்கிலம், கடைத்தெருவில் தெலுங்கு, அறைக்குத் திரும்பினால் தமிழ். நாம் கற்கும் அறிவியல் ஆங்கிலத்தோடு நின்றுவிடுகிறது. ஊரில் இருக்கும் தம்பி தங்கையரும், சித்தூர், நகரி, குப்பம் பக்கங்களில் வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைகளும், ரேடார் என்றால் என்ன என்று தமிழில் தேடினால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? நாம் வைத்தது தானே கிடைக்கும்? ஒன்றும் வைக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது.

இந்த ஊருக்கு இது புதிய பணியும் அன்று. நம் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் 1954-இல் தோன்றியது. 1960-களிலும் 70-களிலும் இங்கே தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய ந. சுப்பு ரெட்டியார் வைணவ இலக்கியத்தில் ஆழ்ந்த புலவர். அறிவியல் பட்டமும் பெற்றவர். 'அணுவின் ஆக்கம்', 'இராக்கெட்டுகள்' முதலிய அறிவியல் நூல்களைத் தமிழில் எழுதினார். அக்காலத்தில் கணிப்பொறி இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அவரே தேடி அமைக்கவேண்டியிருந்தது. இன்று அவருடைய நூல்கள் பல தமிழ் விக்கிமூலத்தில் யாவரும் படிக்கக் கிடைக்கின்றன. எழுதியவர் மறைந்த பின்னும் நூல் நிற்பதற்குக் காரணம், அச்சுப் படிகள் பல இடங்களில் இருந்ததும், பின்வந்தோர் அவற்றை மின்வடிவில் ஏற்றியதும் அல்லவா?

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கப் பேச்சையாவது தமிழ்ப் படவில்லைகளாக ஆக்கித் தருதல் வேண்டும். பத்து வில்லைகள் போதும். ஒருங்குறி எழுத்து, வாக்கியமாக அமைந்த தலைப்பு, தாமே வரைந்த படம், ஒரு பக்கக் குறிப்பு, தமிழில் எழுதிய விளக்கக் கட்டம் ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று வேறு துறை மாணவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். அவருக்கு விளங்கினால் வெளியாருக்கும் விளங்கும். பிறகு இரண்டு இடங்களில் ஏற்றி, மூலக் கோப்பை மன்றத்தின் கணிப்பொறியில் சேர்த்து வைக்கலாம். பதின்மர் முன்வந்தால் இவ்வாண்டிலேயே பத்துத் தொகுப்புகள் ஆகிவிடும். அடுத்த ஆண்டு வேதியியலிலோ இயற்பியலிலோ சேர வரும் ஒரு தமிழ் மாணவர், தம் முதல் கருத்தரங்குக்குப் பொருள் தேடும்போது, முந்தைய ஆண்டு மாணவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.